தளம் புதிய பிளாட்ஃபார்முக்குப் போகும்போது பழைய முகவரிகளை என்ன செய்வது?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடும் ஒரு இணையதளம். சில ஆயிரம் பக்கங்கள். பழைய மென்பொருளை விட்டுவிட்டு வேறொரு பிளாட்ஃபார்முக்கு மாறப் போகிறார்கள். அங்கே முகவரி அமைப்பே வேறு. தேடுபொறி வழியாக வருகிறவர்களையும், மற்ற தளங்களில் உள்ள இணைப்புகள் வழியாக வருகிறவர்களையும் இழக்காமல் ரீடைரக்ட்களை (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பும் விதிகளை) எப்படிக் கையாள்வது என்பது கேள்வி.

சர்வரில் சில வரிகள் எழுதினால் முடிந்துவிடும் என்று நினைத்து இந்த வேலையைப் பெரும்பாலும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வரிகளை எழுத அரை நாள் போதும்தான். ஆனால் பழைய முகவரிகள் எவை என்று முழுமையாகத் திரட்டவும், ஒவ்வொன்றுக்கும் எந்தப் புதுப் பக்கம் என்று பொருத்திப் பார்க்கவும் வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பட்டியலைப் பழைய தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒழுங்காக எடுக்க முடியும். அதை அணைத்துவிட்டுப் பிறகு தேடினால் கிடைப்பது துண்டு துணுக்குகள்தான். புதிய தளத்தின் வடிவமைப்பு தொடங்கும் அன்றே பட்டியல் வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முகவரியை மாற்றியே ஆக வேண்டுமா? வேர்ட்பிரஸ்ஸில் பெர்மாலிங்க் (பக்கத்தின் நிலையான முகவரி) அமைப்பைப் பழைய தளத்தின் வடிவத்துக்கே பெரும்பாலும் கொண்டுவந்துவிடலாம். நாமே நிரல் எழுதிக் கட்டும் தளத்தில் இன்னும் சுலபம். ஷாப்பிஃபை போன்ற இடங்களில் அது நடக்காது. பொருள் பக்கம், தொகுப்புப் பக்கம், தனிப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் முன்னொட்டு கட்டாயம், அதை எடுக்க வழியில்லை. ‘புது முகவரி இன்னும் அழகாக இருக்கும்’ என்பது மட்டுமே காரணம் என்றால் தயவுசெய்து மாற்றாதீர்கள். முகவரி அப்படியே நின்றால் ரீடைரக்ட்டே வேண்டாம், தவறு நேரவும் இடமில்லை.

பட்டியலை எங்கிருந்து எடுப்பது

பழைய மென்பொருளின் தரவுத்தளமும் சைட்மேப்பும் (தேடுபொறிக்குத் தரும் பக்கப் பட்டியல்) நமக்கு என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லும். வெளியுலகம் எந்தெந்த முகவரிகளைக் கையில் வைத்திருக்கிறது என்று அவற்றால் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பெரும்பாலான இழப்பு நடக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தலைப்பு மாற்றப்பட்ட கட்டுரை, நீக்கப்பட்டும் பலர் இணைப்பு கொடுத்து வைத்திருக்கும் பக்கம், பழைய செய்திமடலில் போன சுருக்க முகவரி: இவை எதுவும் இன்றைய சைட்மேப்பில் இருக்காது.

அதனால் பல இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாகக் கொட்ட வேண்டும். சர்வரின் அக்செஸ் லாக்தான் எல்லாவற்றிலும் நம்பகமானது, ஏனென்றால் யாரோ உண்மையிலேயே கேட்ட முகவரிகள் அதில் இருக்கின்றன. பல ஹோஸ்டிங்களில் லாக் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். இன்றைக்கே அமைப்பை மாற்றிச் சேமிக்கத் தொடங்குங்கள், குறைந்தது மூன்று மாதத்துக்காவது இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேடப்படும் பக்கங்கள் அதிலும் தப்பிவிடும். அவற்றைப் பிடிக்கக் கூகுள் சர்ச் கன்சோல் (தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி) இருக்கிறது. அதில் 16 மாதத் தரவு கிடைக்கும். ஆனால் திரையிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தால் 1,000 வரிகளோடு நின்றுவிடும். பக்கங்கள் அதற்கு மேல் இருந்தால் ஏபிஐ (நிரல் மூலம் தரவைக் கேட்டு வாங்கும் வசதி) வழியாக எடுங்கள், அல்லது கோப்புறை வாரியாக வடிகட்டித் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதே கன்சோலின் ‘இணைப்புகள்’ அறிக்கையில் வெளியிலிருந்து அதிகம் இணைக்கப்பட்ட பக்கங்கள் வரும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள், பின்னால் அதுதான் முன்னுரிமைப் பட்டியல். அனலிட்டிக்ஸின் நுழைவுப் பக்கங்கள், கிராலர் (இணைப்புகளைத் தொடர்ந்து பக்கங்களைத் திரட்டும் நிரல்) ஒன்றைத் தளம் முழுக்க ஓடவிட்ட முடிவு ஆகியவற்றையும் சேருங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற கிராலரின் இலவசப் பதிப்பு 500 முகவரியோடு நின்றுவிடும். சில ஆயிரம் பக்கங்களுக்கு உரிமம் வேண்டும்.

எல்லோரும் மறக்கும் ஒன்று, ஏற்கனவே இருக்கும் ரீடைரக்ட்கள். பத்தாண்டுத் தளம் என்றால் இதற்கு முன்பும் ஒரு முறையாவது மாறியிருக்கும். பழைய ஹெச்டிஆக்செஸ் கோப்பு (அப்பாச்சி சர்வரின் விதிக் கோப்பு), ரீடைரக்ட் பிளக்இன் வைத்திருக்கும் அட்டவணை, சிடிஎன் (வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று பக்கங்களை வழங்கும் சேவை) பக்கத்தில் யாரோ எழுதிவிட்டுப் போன விதி ஆகியவை பழைய சர்வரோடு சேர்ந்து போய்விடும். வேர்ட்பிரஸ்ஸில் இன்னொன்றும் உண்டு: ஒரு இடுகையின் ஸ்லக்கை (முகவரியில் அந்த இடுகையைக் குறிக்கும் பகுதியை) மாற்றினால் பழைய ஸ்லக்கை அது தானே நினைவில் வைத்துக்கொண்டு திருப்பிவிடும். அந்தப் பதிவு போஸ்ட்மெட்டா அட்டவணையில் இருக்கிறது. வேறு பிளாட்ஃபார்முக்குப் போனால் அந்த நினைவு கூட வராது, நாம்தான் எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பழைய தளம் ஏற்கனவே போய்விட்டதா? பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு டொமைனுக்காகச் சேமிக்கப்பட்ட எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தரும் வசதி இருக்கிறது. முழுமையாக இருக்காது, ஆனாலும் கைவிடாது.

பக்கங்கள் மட்டும் போதாது. பிடிஎஃப், படம், ஆர்எஸ்எஸ் ஓடை, அச்சுப் பதிப்பு, ஏஎம்பி (கைபேசிக்கான வேகப் பக்கம்) பதிப்பு, கைபேசிக்கான துணை டொமைன், குறிச்சொல் பக்கம், ஆசிரியர் பக்கம், இரண்டாம் மூன்றாம் பக்க எண்கள், விளம்பரங்களில் கொடுத்திருக்கும் முகவரி, அச்சடித்த கியூஆர் குறி எல்லாம் வேண்டும். பிடிஎஃப்புக்கு அழுத்தம் தருகிறேன்: ஆய்வுக் கட்டுரைகளும் விக்கிபீடியாவும் பெரும்பாலும் கோப்புக்கே நேரடியாக இணைப்பு கொடுக்கும், கோப்பு இருக்கும் பக்கத்துக்கு அல்ல. ஓடையை விட்டால் வருஷக்கணக்காகச் சந்தா வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சத்தமே இல்லாமல் எல்லாம் நின்றுபோகும். அவர்கள் புகார்கூடச் சொல்ல மாட்டார்கள்.

சேர்த்ததைச் சலிக்கும்போது கவனம் தேவை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால், எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்கச் சேர்த்த வால்களை வெட்டிவிடலாம். ‘ஐடி=482’ போன்ற, பக்கத்தையே தீர்மானிக்கும் வால்களை வெட்டக் கூடாது. கண்மூடித்தனமாகக் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டால் ஆயிரம் பக்கங்கள் ஒரே வரியாகச் சுருங்கிவிடும், யாருக்கும் தெரியாது. ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்கு வந்து சேர்வதே இல்லை, அதற்கு விதி எழுத முடியாது. ஆனால் புதிய முகவரியில் ஹேஷ் எதுவும் இல்லையென்றால் உலாவி பழையதைத் தானே சுமந்துகொண்டு போகும். எனவே நீண்ட பக்கங்களின் உட்பிரிவுப் பெயர்களைப் புதிய தளத்திலும் அப்படியே வைத்தால் பாதி வேலை தானாக நடந்துவிடும்.

பொருத்துவது

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பழைய முகவரிக்கு ஒரு வரி. அதன் இன்றைய நிலைக்குறி (சர்வர் பதிலோடு அனுப்பும் எண்), கடந்த ஓராண்டின் வருகை, வெளி இணைப்புகளின் எண்ணிக்கை, புதிய முகவரி, முடிவு (அதே பக்கம், இன்னொன்றோடு சேர்த்தது, நீக்கியது), சோதித்த தேதி என்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். வருகையும் இணைப்பும் அதிகமுள்ள முதல் சில நூறு வரிகளைக் கையால், ஒவ்வொன்றாகப் பக்கத்தைத் திறந்து பார்த்துப் பொருத்துங்கள். இதில் குறுக்குவழி வேண்டாம்.

மற்றவற்றைக் கருவியிடம் விடலாம், ஆனால் தலைப்பை வைத்துப் பொருத்துவது கடைசி வழியாக இருக்கட்டும். ‘அறிவிப்பு’ என்ற தலைப்பில் முப்பது இடுகைகள் இருக்கும் தளங்கள் உண்டு. சரியான வழி, உள்ளடக்கத்தைப் புதிய தளத்தில் ஏற்றும்போதே ஒவ்வொரு பதிவோடும் அதன் பழைய முகவரியையும் பழைய எண்ணையும் ஒரு தனிப் புலத்தில் சேர்த்து ஏற்றுவது. ஏற்றி முடித்ததும் அந்தப் புலத்தையும் புதிய முகவரியையும் அருகருகே எக்ஸ்போர்ட் செய்தால் பொருத்தப் பட்டியல் தானாக வந்துவிடும். தலைப்பு மாறினாலும், யாராவது ஸ்லக்கைத் திருத்தினாலும் அது உடையாது. வேர்ட்பிரஸ்ஸின் பிளாக்கர் இம்போர்ட்டர் பிளக்இன் இதைத் தானாகவே செய்கிறது, பழைய பெர்மாலிங்க்கை மெட்டா புலமாக வைத்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அந்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்ற சொல்லோடு ஒரு எண்ணைச் சேர்த்து முகவரி கொடுத்துவிடும். அப்படிப்பட்ட முகவரியைப் பார்த்து அது எந்தக் கட்டுரை என்று ஊகிக்கவே முடியாது. பிளாக்ஸ்பாட்டின் இலவச முகவரியிலேயே இருந்தவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அங்கே சர்வர் நம் கையில் இல்லை, வேறொரு டொமைனுக்கு உண்மையான 301, அதாவது நிரந்தர ரீடைரக்ட், கொடுக்க முடியாது. சொந்த டொமைனை இணைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை முழுதும் பொருந்தும்.

இரண்டு மூன்று பக்கங்களை ஒன்றாகச் சேர்த்திருந்தால் எல்லாவற்றையும் அந்த ஒன்றுக்கு அனுப்பலாம், ஆனால் பழையதில் இருந்த விஷயம் புதியதில் உண்மையிலேயே இருக்க வேண்டும். இணை இல்லாத பக்கங்களை என்ன செய்வது? ‘முகப்புக்கு அனுப்பிவிடுவோம்’ என்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறான முடிவு. நாற்காலி ஒன்றைத் தேடி வந்தவரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறோம், அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அதை ரீடைரக்ட்டாக மதிப்பதில்லை. பொருந்தாத இலக்குக்குப் போகும் முகவரியை சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கம், என்று வகைப்படுத்திவிடும். மேல்நிலைப் பிரிவுப் பக்கம் அவர் தேடியதை உண்மையில் தருமென்றால் அங்கே அனுப்புங்கள். இல்லையென்றால் நேர்மையாக 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டது) கொடுங்கள். 404 பக்கத்தில் தேடல் பெட்டியும் முக்கியப் பிரிவுகளும் இருக்கட்டும், ஆனால் நிலைக்குறி 404 ஆகவே இருக்க வேண்டும். ‘பக்கம் இல்லை’ என்று எழுதிவிட்டு 200 (எல்லாம் சரி) அனுப்பும் புதிய தளங்களைக் கவனியுங்கள்.

எந்தக் குறி

நிரந்தர மாற்றத்துக்கு 301. தற்காலிகத்துக்கு 302. இதோடு 307, 308 என்று இரண்டு உண்டு. 301, 302 இரண்டிலும் உலாவி ஒரு போஸ்ட் கோரிக்கையை (தரவை அனுப்புவது) கெட் (பக்கத்தைக் கேட்பது) ஆக மாற்றிவிடலாம், அனுப்பிய படிவத் தரவு அங்கேயே விழுந்துவிடும். 307ம் 308ம் முறையை மாற்றாமல் அப்படியே கொண்டுசெல்லும். சாதாரணப் பக்கங்களுக்கு இதில் வேறுபாடு தெரியாது. பணம் செலுத்தும் சேவை உங்கள் தளத்துக்கு அனுப்பும் வெப்ஹூக் (தானியங்கி அறிவிப்பு), ஆப் அழைக்கும் ஏபிஐ ஆகியவற்றில் தெரியும். வெப்ஹூக் அனுப்பும் பல சேவைகள் ரீடைரக்ட்டைப் பின்தொடரவே மாட்டா. அந்த முகவரிகளை அந்தந்தச் சேவையின் அமைப்புப் பக்கத்தில் போய் நேரடியாக மாற்றுவதுதான் ஒரே வழி. நெக்ஸ்ட்ஜேஎஸ் என்ற நிரல் கட்டமைப்பில் நிரந்தரம் என்று குறித்தால் 308 வரும். பயப்பட வேண்டாம், கூகுள் அதை 301 போலவே எடுத்துக்கொள்கிறது.

அப்பாச்சி சர்வரில் குறியை எழுதாமல் விட்டால் 302 தான் போகும், ‘ரீடைரக்ட்’ கட்டளையிலும் சரி, ‘ரீரைட்ரூல்’ கட்டளையின் ‘ஆர்’ கொடியிலும் சரி. தளம் முழுக்கத் தற்காலிக ரீடைரக்ட்டில் மாதக்கணக்கில் ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

301ல் ஒரு அபாயம் இருக்கிறது. உலாவிகள் அதை நீண்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இலக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திருத்தினாலும், அந்தப் பத்து நிமிடத்தில் வந்தவரின் உலாவி சர்வரைக் கேட்காமலேயே பழைய தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு 301 பதிலோடு ஒரு மணி நேர கேஷ் காலம், அதாவது 3600 வினாடி, சேர்த்து அனுப்புங்கள். அப்பாச்சியில் இந்த ஹெடரை ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லோடு எழுதினால்தான் ரீடைரக்ட் பதில்களில் ஒட்டும், இல்லையென்றால் 200 பதில்களில் மட்டும் வரும். சோதனைக் கட்டத்தில் 302 வைத்து, எல்லாம் சரி என்றான பின் 301 ஆக்கலாம். மாற்றுவதை மறக்காமல் இருக்க அதைத் திறப்பு நாள் பட்டியலில் எழுதி வையுங்கள்.

விதிகளை எழுதும் இடம்

ஒன்றுக்கு ஒன்று விதியும் வேண்டும், வடிவ விதியும் (ஒரே மாதிரியான பல முகவரிகளைப் பிடிக்கும் ரெஜெக்ஸ்) வேண்டும். ஆண்டு, மாதம், ஸ்லக் என்று இருந்தது ஸ்லக் மட்டும் என்று மாறுகிறது, ஸ்லக் மாறவில்லை என்றால் ஒரே வடிவ விதி ஆயிரம் பக்கங்களைத் தாங்கும். அதிலிருந்து விலகியவை ஒன்றுக்கு ஒன்று பட்டியலில் வரும், அந்தப் பட்டியல் வடிவ விதிக்கு முன்னால் ஓட வேண்டும். வடிவ விதியில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: தொடக்க, முடிவுக் குறிகளை விட்டுவிடுவது, புள்ளியை அப்படியே எழுதி அது எந்த எழுத்தோடும் பொருந்திவிடுவது, முகவரியின் கடைசிச் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்படி எழுதாதது.

அப்பாச்சியின் ‘ரீடைரக்ட்’ கட்டளை முன்னொட்டைப் பொருத்தும் என்பது பலருக்குத் தெரியாது. ‘/சேவை’ என்பதை ‘/எங்கள்-பணிகள்’ என்று திருப்பினால் ‘/சேவை/பழுது’ என்பதும் பிடிபட்டு ‘/எங்கள்-பணிகள்/பழுது’ என்று, இல்லாத பக்கத்துக்குப் போய்விடும். அந்த ஒன்றை மட்டும் திருப்ப ‘ரீடைரக்ட்மேட்ச்’ பயன்படுத்தி இரு முனையையும் கட்டுங்கள். ‘ரீடைரக்ட்’ வரிகளையும் ‘ரீரைட்ரூல்’ வரிகளையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மாட்யூல், நீங்கள் எழுதிய வரிசையில் ஓடா. கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை இந்த இரண்டின் வடிவமும் பார்ப்பதே இல்லை. அதற்குத் தனியாக ‘ரீரைட்காண்ட்’ நிபந்தனை போட வேண்டும். பழைய வால் புதிய முகவரியிலும் ஒட்டாமல் இருக்க, 2.4 பதிப்பிலிருந்து ‘கியூஎஸ்டி’ கொடி இருக்கிறது.

பட்டியல் ஆயிரத்தைத் தாண்டினால் ஹெச்டிஆக்செஸ் கோப்பில் வரிசையாக எழுதுவது நல்லதல்ல, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தக் கோப்பு முழுதும் படிக்கப்படும். அப்பாச்சியில் ‘ரீரைட்மேப்’ இருக்கிறது, ஆனால் அதை முதன்மை அமைப்புக் கோப்பில்தான் அறிவிக்க முடியும், பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. என்ஜின்எக்ஸ் சர்வரில் ‘மேப்’ தொகுதி இதற்கென்றே செய்ததுபோல இருக்கும்: பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம், பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பெரிய பட்டியலில் ‘மேப் ஹேஷ்’ உருவாக்க முடியவில்லை என்று பிழை சொல்லித் தொடங்க மறுக்கும். அப்போது அதன் பக்கெட் அளவையும் அதிகபட்ச அளவையும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூட்ட வேண்டும்.

ஷாப்பிஃபையில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அந்த முகவரியில் உயிருள்ள பக்கம் இருக்கும்வரை ரீடைரக்ட் வேலை செய்யாது, 404 வந்தால்தான் அது பட்டியலைப் பார்க்கும். பொருளை வெளியீட்டிலிருந்து எடுக்காமல் ரீடைரக்ட் மட்டும் போட்டுவிட்டு ‘ஏன் ஓடவில்லை’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சேவையாகக் கிடைக்கும் பிளாட்ஃபார்ம் எதுவாக இருந்தாலும், ஒப்பந்தம் போடும் முன்பே மூன்றைக் கேளுங்கள்: எத்தனை ரீடைரக்ட் வரை வைக்கலாம், வடிவ விதி உண்டா, கேள்விக்குறி வால் உள்ள முகவரியைத் திருப்ப முடியுமா. மூன்றாவதற்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால் முன்னால் ஒரு சிடிஎன்னை வைத்து அங்கே விதி எழுத வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்துள்ள முகவரிகள்

முகவரியில் தமிழ் வைத்திருக்கும் தளங்களுக்கு இது தனிச் சிக்கல், அதனால் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உலாவியின் பட்டையில் ‘வணக்கம்’ என்று தெரிகிறது. சர்வருக்குப் போவது அதுவல்ல. அந்தச் சொல்லில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு யூனிகோட் குறிகள். யூடிஎஃப்-8ல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு ஹெக்ஸ் எழுத்தும். ஏழு குறி 63 எழுத்தாகிவிடும்.

இதிலிருந்து நான்கு கோளாறுகள் வரும். முதலாவது, ஹெக்ஸ் எழுத்தின் பெரியது சிறியது. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் சிறிய எழுத்தில் சேமிக்கும். உலாவிகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் அனுப்பும். பொருளில் இரண்டும் ஒன்றே. ஆனால் என்ஜின்எக்ஸில் மூல வடிவத்தைத் தரும் ‘ரிக்வெஸ்ட் யூஆர்ஐ’ மாறியை, பெரியது சிறியது பார்க்கும் வடிவ விதியால் பொருத்தினால் பாதி வேலை செய்யாது. குறியவிழ்த்த ‘யூஆர்ஐ’ மாறியை வைத்து, பட்டியலிலும் தமிழை நேரடித் தமிழாகவே எழுதுங்கள். அந்த மாறியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது வராது என்பதால் வால் உள்ள முகவரிகளுக்கு வேறு மேப் வேண்டும்.

இரண்டாவது, வெட்டுப்பட்ட ஸ்லக். வேர்ட்பிரஸ்ஸில் ஸ்லக்கின் எல்லை 200 எழுத்து; ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது போனால் 22 குறிதான் மிஞ்சும். நீண்ட தலைப்புள்ள இடுகையின் ஸ்லக் சொல்லின் நடுவிலேயே நின்றிருக்கும். புதிய தளத்தில் தலைப்பிலிருந்து ஸ்லக்கைத் திரும்பத் தயாரித்தால் அது பொருந்தாது. பழைய ஸ்லக்கைத் தரவுத்தளத்திலிருந்து அப்படியே எடுக்க வேண்டும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட்டுகள் வேறு. கோப்புகள் பழைய மேக் கணினி வழியாகப் போய்வந்திருந்தால் பிரிந்த வடிவம் வர வாய்ப்பு அதிகம். பட்டியல் முழுவதையும் என்எஃப்சி (ஒற்றைக் குறியாகச் சேர்ந்த) வடிவத்துக்கு மாற்றுங்கள். லாக்கில் பிரிந்த வடிவமும் தென்பட்டால் அதற்கும் ஒரு வரி சேருங்கள்.

நான்காவது, இரட்டைக் குறியாக்கம். இலக்கு முகவரியை ஏற்கனவே சதவீதக் குறியில் எழுதி வைத்து, அதை அப்பாச்சியின் ‘ரீரைட்ரூல்’ வழியாக அனுப்பினால், அது சதவீதக் குறியையே இன்னொரு முறை குறியாக்கி 25 என்ற எண்ணைச் சேர்த்துவிடும். முகவரியில் சதவீதத்துக்குப் பின் 25 வரிசையாக வந்தால் காரணம் இதுதான், ‘என்இ’ கொடி சேர்த்தால் நிற்கும்.

ஒரே தாவல்

பழைய இணைப்பு எச்டிடிபி. அது எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகிறது, பிறகு டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்கிறது, பிறகு கடைசிச் சாய்கோடு, பிறகு முந்தைய மாற்றத்தின் ரீடைரக்ட், பிறகுதான் புதிய பக்கம். ஐந்து தாவல். கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும், குரோம் 20ல் நிறுத்திப் பிழை காட்டும்; ஆனாலும் ஒவ்வொரு தாவலும் ஒரு முழுப் பயணம், மந்தமான இணைப்பில் வாசகர் அதை உணர்வார். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் இருப்பது எல்லாம் போச்சு. பழைய விதி எதுவாக இருந்தாலும் அதன் இலக்கை இறுதி முகவரியாக மாற்றி எழுதுங்கள். முகவரி மாற்ற விதிகளை எச்டிடிபிஎஸ் விதிக்கு முன்னால் வைத்து, இலக்கை முழு முகவரியாக எழுதினால் பெரும்பாலும் ஒரே தாவலில் முடிந்துவிடும். பழைய சர்வர் விண்டோஸ் ஐஐஎஸ் என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அது கண்டுகொண்டிருக்காது. புதிய சர்வர் லினக்ஸ் என்றால் கண்டுகொள்ளும். லாக்கில் உள்ள எல்லா எழுத்து வடிவங்களும் பொருந்தும்படி விதியை எழுதுங்கள்.

டொமைனும் மாறுகிறதென்றால் பழைய டொமைனுக்கான சான்றிதழை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸில் சான்றிதழ்ச் சோதனை முதலில் நடக்கும், ரீடைரக்ட் பிறகுதான். சான்றிதழ் காலாவதியானால் வாசகருக்குத் தெரிவது எச்சரிக்கைத் திரை. உங்கள் அருமையான விதிகள் எதையும் அவர் பார்க்கப் போவதில்லை. பழைய டொமைனின் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவையும் டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகள்) மாற்றும்போது துடைத்துவிடாதீர்கள். சர்ச் கன்சோலில் ‘முகவரி மாற்றம்’ என்ற கருவி டொமைன் மாறும்போது மட்டும்தான் வேண்டும். அதே டொமைனுக்குள் பிளாட்ஃபார்ம் மாறுவதற்கு அது தேவையில்லை. அதன் அறிவிப்பு 180 நாள் நடப்பில் இருக்கும்.

சோதனையும் திறப்பும்

திறப்பதற்கு முன், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனைப் புதிய சர்வரின் ஐபிக்குத் திருப்பி, பட்டியல் முழுவதையும் ஒரு ஸ்கிரிப்டில் ஓடவிடுங்கள். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். ஒவ்வொரு வரிக்கும் நான்கைச் சரிபார்க்க வேண்டும்: முதல் பதில் 301ஆ, தாவல் ஒன்றுதானா, கடைசிப் பதில் 200ஆ, கடைசி முகவரி ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதியதேதானா. நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாமே முகப்புக்குப் போனாலும் முதல் மூன்றும் பச்சையாகத்தான் காட்டும்.

இலக்குப் பக்கத்தின் உள்ளேயும் பாருங்கள். கெனானிக்கல் குறி (பக்கத்தின் முதன்மை முகவரியைத் தேடுபொறிக்குச் சொல்வது) பழைய முகவரியையோ சோதனைத் தளத்தையோ காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சோதனைத் தளத்துக்காகப் போட்ட நோஇண்டெக்ஸும் (தேடலில் சேர்க்காதே என்ற குறி), ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறி எங்கே வரலாம் என்று சொல்லும் கோப்பு) போட்ட முழுத் தடையும் எடுக்கப்பட்டனவா? பழைய முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் தடுக்கவும் கூடாது. தடுத்தால் தேடுபொறி அங்கே வராது, ரீடைரக்ட் இருப்பதே அதற்குத் தெரியாது. தளத்தின் உள் இணைப்புகள், மெனு, சைட்மேப், பல மொழித் தளமென்றால் மொழிக் குறிகள் எல்லாம் புதிய முகவரியை நேரடியாகக் காட்ட வேண்டும். ரீடைரக்ட் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு, நம் வீட்டுக்குள் நாமே சுற்றுவழியில் நடக்க வேண்டியதில்லை. சைட்மேப் ஒன்றுக்கு 50,000 முகவரி வரைதான்.

டிஎன்எஸ் மாறுகிறதென்றால் இரண்டு நாள் முன்பே டிடிஎல் (பழைய டிஎன்எஸ் பதிலை நினைவில் வைத்திருக்கும் காலம்) அளவை 300 வினாடியாகக் குறையுங்கள். வருகை குறைவான நேரத்தில் திறங்கள், வார இறுதிக்கு முந்தைய மாலையில் வேண்டாம். திறந்த முதல் ஒரு மணி நேரம் லாக்கில் 404களை மட்டும் வடிகட்டி, எண்ணிக்கை வாரியாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருங்கள். எவ்வளவு கவனமாகப் பட்டியல் எடுத்திருந்தாலும் விடுபட்டவை அப்போது தலைகாட்டும். முதல் வாரம் தினமும், பிறகு இரண்டு மாதத்துக்கு வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். ஊடுருவும் போட்கள் கேட்கும் முகவரிகள் நிறைய வரும், அவற்றுக்கு 404 தான் சரியான பதில், விதி எழுதி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பழைய தளத்தின் பேக்கப்பை, தரவுத்தளத்தோடும் லாக்கோடும் சேர்த்து, குறைந்தது ஓராண்டு தொடாமல் வையுங்கள்.

தேடல் வருகை சில வாரங்கள் ஏறி இறங்கும், அது இயல்பு. நடுத்தர அளவுத் தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் கூகுளின் அட்டவணையில் மாறவே சில வாரங்கள் எடுக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பிரிவு மட்டும் விழுந்து எழவே இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். அந்தப் பிரிவின் பழைய முகவரிகள் பத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வடிவ விதி ஒன்று தவறியிருக்கும், அல்லது உள்ளடக்கமே முழுதாக ஏறியிருக்காது. வடிவமைப்பு, உரை, முகவரி மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது காரணம் என்று கண்டுபிடிப்பது மிகவும் கடினம், அதனால்தான் உரையைத் திருத்தும் வேலையை மட்டுமாவது இரண்டு மாதம் தள்ளி வைக்கச் சொல்வது.

விதிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது? கூகுள் சொல்வது, முடிந்த வரை நீண்ட காலம், பொதுவாகக் குறைந்தது ஓராண்டு. அது தேடுபொறிக்கான கணக்கு. வேறொருவரின் கட்டுரையில் உள்ள இணைப்பும், அச்சடித்த புத்தகத்தின் அடிக்குறிப்பும் ஓராண்டில் மாறிவிடாது. மேப் கோப்பில் ஐயாயிரம் வரி இருப்பதால் சர்வருக்கு எந்தப் பாரமும் இல்லை, எடுக்காதீர்கள். இடமில்லாமல் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஓராண்டு லாக்கை வைத்து ஒருமுறைகூடக் கேட்கப்படாத வரிகளை மட்டும் எடுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டை யாருடைய தனிக் கணினியிலும் விடாமல் தளத்தின் நிரலோடு ஒரே இடத்தில் வையுங்கள். அடுத்த முறை தளம் மாறும்போது, பட்டியல் எடுக்க வருகிறவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.